பழைய பேனாக்கத்திகளின் காலத்தைக் கணித்தல்

பேனாக்கத்தி என்பது அலகைப் பிடிக்குள் மடக்கி வைக்கத்தக்க சிறு கத்தி ஆகும். மடக்குக்கத்தி என்றும் அழைக்கப்படும். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு இவ்வகைக் கத்தி பயன்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் முதலிய காவிரிப் படுகை ஊர்களின் பழைய வீடுகளில் இருவகை மடக்குக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று, உள்ளூர்க் கொல்லர் செய்த மடக்கெழுத்தாணி. மற்றொன்று, இங்கிலாந்தின் செஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களிலிருந்து இறக்குமதியான பேனாக்கத்தி. இவற்றின் வயதைக் குடும்பத்தில் வழங்கும் கதையைக் கொண்டு அறிய இயலாது. பொருளில் உள்ள சான்றுகளைக் கொண்டே கணிக்க வேண்டும்.

கணிப்பின் அடிப்படை

ஒரு கத்தியில் உள்ள ஒவ்வொரு கூறும் ஒரு கீழெல்லையைத் தருகிறது. அதாவது, அக்கூறு உலகில் தோன்றிய ஆண்டுக்கு முன் அக்கத்தி அவ்வடிவில் இருந்திருக்க முடியாது. பல கூறுகள் இருப்பின், அவற்றுள் மிகப் பிந்திய கீழெல்லையே கத்தியின் கீழெல்லை ஆகும். ஒன்பது கூறுகள் பழையனவாகத் தோன்றினும் பத்தாவது கூறு புதியதாயின் முடிவைப் பத்தாவதே தீர்மானிக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பழுது பார்க்கும்போது மாற்றப்பட்ட உறுப்புகள் கத்தியின் வயதைக் காட்டா. தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலச் சாலையிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்ற கட்டாரிகளுள் பலவற்றில் பிடி தென்னிந்திய வேலைப்பாடாகவும் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலகுக்கு ஒரு காலம், பிடிக்கு ஒரு காலம், இரண்டும் இணைந்ததற்கு மூன்றாவது ஒரு காலம் இருக்கலாம்.

மடக்கெழுத்தாணி

ஓலையில் எழுதியவர்களுக்கு எழுத்தாணியுடன் கத்தியும் தேவைப்பட்டது. பனையோலையின் நரம்பை நீக்கவும், ஓரத்தை வாரவும், ஏட்டை ஒரே அளவாக நறுக்கவும் கத்தி வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பிடியில் அமைத்து, ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் கத்தியுமாக மடக்கும்படி செய்யப்பட்டதே மடக்கெழுத்தாணி. தலை கனத்த குண்டெழுத்தாணியைப் போலன்றி இதை மடியில் செருகிச் செல்லலாம்.

இதன் காலத்தைக் கணிப்பது கடினம். தஞ்சை சரசுவதி மகால் போன்ற நூலகங்களில் உள்ள ஏடுகள் பலவற்றின் இறுதியில், எழுதி முடித்த ஆண்டும் மாதமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை எழுதிய கருவிகளில் அத்தகைய குறிப்பு பொதுவாக இல்லை. கொல்லர் முத்திரையும் இடுவதில்லை. வடிவம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்ததால் வடிவத்தைக் கொண்டும் அதிகம் சொல்ல முடியாது.

மேலெல்லை மட்டும் ஓரளவு தெரியும். 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் இளமையில் ஓலையில் எழுதிப் பழகியவர். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த காலத்திலும் ஏடும் எழுத்தாணியும் வழக்கில் இருந்தன. அவரே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் பதிப்பித்தார். ஒரு மனிதரின் முதல் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தில்தான் எழுத்தாணியின் அன்றாடத் தேவை குறைந்தது. ஆனால் சாதக ஓலை எழுதும் வழக்கம் அதன் பின்னும் தொடர்ந்தமையால் இந்த மேலெல்லையையும் உறுதியானதாகக் கொள்ளலாகாது.

அலகில் உள்ள முத்திரை

இறக்குமதிக் கத்திகளில் நிலைமை எளிது. அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் குறியும் பதிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கியைக் கொண்டு, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி பார்த்தால் தேய்ந்த எழுத்துகளும் புலப்படும்.

செஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் விண்மீனும் சிலுவையும் சேர்ந்த குறியை 18ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்தியது. நீண்ட காலம் மாறாத குறியாதலால் அது தனியே காலத்தைக் காட்டாது. அதனுடன் வரும் அரச எழுத்துகள் உதவும். கிரீடத்துடன் "வி. ஆர்." என்றிருப்பின் விக்டோரியா அரசியின் ஆட்சியை (1837–1901) குறிக்கும். "ஈ. ஆர்." பெரும்பாலும் ஏழாம் எட்வர்டின் காலம் (1901–1910). "ஜி. ஆர்." என்பதில்தான் பலர் ஏமாறுகின்றனர். அது 1830இல் இறந்த நான்காம் ஜார்ஜையும் குறிக்கலாம். ஐந்தாம் ஜார்ஜையோ (1910–1936) ஆறாம் ஜார்ஜையோ (1936–1952) குறிக்கலாம். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதால் ஏற்படும் அதே குழப்பம் இங்கும் உண்டு. வேறு கூறு ஒன்றின் துணையின்றி இதைத் தீர்க்க முடியாது.

அத்துணைகளுள் ஒன்று நாட்டின் பெயர். செஃபீல்டின் பெயரைப் பொய்யாகப் பொறித்த ஜெர்மானியக் கத்திகள் சந்தையில் பெருகியதாக எழுந்த முறையீடுகள், பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்கு ஒரு காரணமாயின. இந்தியாவில் இதையொத்த சட்டம் 1889இல் இயற்றப்பட்டது. எனவே நகரின் பெயரோடு "இங்கிலாந்து" அல்லது "ஜெர்மனி" என நாட்டுப் பெயரும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்ட கத்தி பெரும்பாலும் இக்காலத்துக்குப் பிற்பட்டது. நாட்டுப் பெயர் இல்லாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது. "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் ஐயமே இல்லை. அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

உலோகமும் பிடியும்

துருப்பிடிக்காத எஃகு (எவர்சில்வர்) மிகத் தெளிவான கீழெல்லையைத் தருகிறது. ஹாரி பிரியர்லி செஃபீல்டில் அதை உருவாக்கியது 1913இல். அத்தகைய அலகுள்ள எந்தக் கத்தியும் அதற்கு முந்தியதன்று. பிடியின் முனைகளில் உள்ள பூண், ஜெர்மன் வெள்ளி எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையாயின் கத்தி 1820களுக்குப் பிற்பட்டது. இது அவ்வளவாகப் பயன்படாத தகவல், ஏனெனில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவையே.

பிடிகள் கொம்பு, எலும்பு, யானைத் தந்தம், கருங்காலி எனப் பலவகை. செஃபீல்டுக் கத்திகளில் காணப்படும் சொரசொரப்பான மான்கொம்புப் பிடிகள் பல இந்தியக் கடமானின் கொம்பால் ஆனவை. இங்கிருந்து கொம்பாகச் சென்றது கத்தியாகத் திரும்பி வந்தது. தந்தம் போலவும் ஆமையோடு போலவும் தோன்றும் பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அது 1870ஐ ஒட்டிய காலத்தில்தான் வணிகப் பொருளானது. செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அருகிலுள்ள எஃகை அரிக்கும். ஆகவே அவ்வகைக் கத்திகளைப் பிறவற்றோடு மூடிய பெட்டியில் வைக்கக் கூடாது.

எலும்பு, கொம்பு ஆகியவற்றுக்குக் கதிரியக்கக் கார்பன் கணிப்பு உண்டே எனக் கேட்கலாம். கடைசி முந்நூறு ஆண்டுகளுக்கு அம்முறை ஒரே பொருளுக்குப் பல காலங்களை விடையாகத் தரும். மாதிரிக்காகப் பிடியையும் சுரண்ட வேண்டும். பேனாக்கத்திக்கு அது ஏற்ற முறையன்று.

வெட்டப்பட்ட பெயர்

பாத்திரங்களில் பெயர் வெட்டுவது போலக் கத்தியின் பூணிலும் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. பெயரில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற பழைய கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும் இருப்பின் அது பெரும்பாலும் 1978க்கு முற்பட்டது. அவ்வாண்டில்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பழைய வடிவில் எழுதிப் பழகிய கைகள் அதன் பின்னும் சில காலம் அவ்வாறே வெட்டியிருக்கலாம். புதிய வடிவங்களோ 1935 முதலே பெரியாரின் இதழ்களில் வழங்கின. எவ்வாறாயினும் பெயர் காட்டுவது வெட்டிய காலத்தையே; கத்தி அதற்கு மிக முந்தியதாகவும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கொள்ளுப்பாட்டனார் 1820களில் வாங்கியது எனக் கூறப்படும் ஒரு கத்தியைக் கற்பனை செய்து கொள்வோம். அலகில் கிரீடமும் "ஜி. ஆர்." எழுத்துகளும் உள்ளன. கதை பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆனால் அலகு எவர்சில்வர். "இங்கிலாந்து" என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அலகு பின்னர் மாற்றப்பட்டதற்கான அடையாளம் இல்லை, தறையாணிகள் கலைக்கப்படவில்லை. ஆகவே அது 1913க்குப் பிற்பட்டது. எழுத்துகள் ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜைக் குறிப்பன. வாங்கியவர் கொள்ளுப்பாட்டனார் அல்லர், பாட்டனாராக இருக்கலாம்.

துருவும் துப்புரவும்

துரு வயதின் அளவுகோலன்று. கடற்கரையை ஒட்டிய நாகப்பட்டினத்தில் சில ஆண்டுகளில் ஏறும் துரு, நெற்குதிருக்குள் உலர்ந்து கிடந்த கத்தியில் பல பத்தாண்டுகளானாலும் ஏறாமல் இருக்கலாம். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும், பித்தளைப் பூணைப் புளியிட்டு விளக்குவதும் முத்திரையையும் பெயரையும் அழித்துவிடும். கணிப்புக்கு வேண்டிய சான்று அத்தனையும் ஒரு நாள் துப்புரவில் போய்விடுவதுண்டு. ஆயுத பூசையில் இட்டுக் காய்ந்த சந்தனத்தை மென்துணியால் துடைத்து, மூட்டில் ஒரு துளி தையல் எந்திர எண்ணெய் விடுவது போதும்.

சட்டம்

இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972, வரலாற்று அல்லது கலை மதிப்புடைய, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருளாக வரையறுக்கிறது. தொல்பொருளை நடுவண் அரசோ அதன் அதிகாரம் பெற்ற முகமையோ தவிரப் பிறர் ஏற்றுமதி செய்யலாகாது. நூறாண்டு என்பது நகரும் எல்லை ஆதலால், ஒரு கத்தி 1915இல் செய்யப்பட்டதா 1935இல் செய்யப்பட்டதா என்னும் கேள்வி அதை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பலாமா என்பதையே தீர்மானிக்கக் கூடும். யானைத் தந்தப் பிடியுள்ள கத்தியாயின் வயது எதுவாயினும் அதன் வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடைக்கு உட்பட்டது.