427 வருடம் நின்ற பாலம்



சிமெண்ட் இல்லாமல், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஆற்றுக்கு மேல் பாலம் கட்ட முடியுமா? முடியும்! ஐரோப்பாவில் போஸ்னியா ஹெர்சகோவினா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மோஸ்டார் நகரத்தில், நெரெத்வா ஆற்றின் மேல் அப்படி ஒரு கல் பாலம் நிற்கிறது. பெயர் 'ஸ்டாரி மோஸ்ட்'. 'பழைய பாலம்' என்று அர்த்தம். பாலத்தைக் காவல் காத்தவர்களை 'மோஸ்டாரி' என்பார்கள். ஊருக்கே பெயர் அதிலிருந்துதான் வந்தது.

ஒட்டோமான் சுல்தான் சுலைமான் உத்தரவிட, மிமார் ஹைருதீன் என்ற கட்டடக் கலைஞர் 1566-ல் இதைக் கட்டி முடித்தார். ஒரே வளைவு. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு சுமார் 29 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று பஸ் நீளம்!

விழாமல் எப்படி நிற்கிறது? கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடைந்துவிடும். அதனால் கற்களை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செதுக்கி, வளைவாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கும். ஆனால் பக்கத்துக் கல் விடாது. பாரம் கல்லுக்குக் கல் இறங்கி இரண்டு கரைக்கும் போய்விடும். நானும் என் தோழியும் களிமண்ணில் ஒன்பது கட்டை செய்து, காயவைத்து அடுக்கிப் பார்த்தோம். இரண்டு ஓரத்திலும் செங்கல்லை முட்டுக் கொடுத்தால் நின்றது. ஒரு செங்கல்லை நகர்த்தினோம், பொலபொலன்னு விழுந்துடுச்சு!

உச்சியில் கடைசிக் கல் வைக்கும் வரை மரச் சாரம்தான் தாங்கும். சாரத்தைப் பிரிக்கும் நாளில் பாலம் விழுந்துவிடுமோ என்று பயந்து ஹைருதீன் தன் சாவுக்கே தயாராகிவிட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். சாந்தில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்றும் சொல்வார்கள். நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சிலும் வெள்ளைக்கரு உண்டு அல்லவா!

இவ்வளவு காலம் நின்ற பாலத்தை மனிதர்களே உடைத்தார்கள். 1992-ல் போஸ்னியாவில் போர் தொடங்கியது. அடுத்த வருடம் மோஸ்டாரில் ஒரே ஊர்க்காரர்களான குரோவாட் மக்களும் போஸ்னிய முஸ்லிம்களும் எதிரெதிராக நின்றார்கள். பாலத்தைக் காப்பாற்ற மக்கள் பழைய டயர்களையும் தகரத்தையும் கட்டி மூடினார்கள். பலன் இல்லை. 1993 நவம்பர் 9 அன்று குரோவாட் படையின் குண்டுகள் பட்டுப் பாலம் ஆற்றில் விழுந்தது.

போர் முடிந்த பிறகு யுனெஸ்கோவும் உலக வங்கியும் சேர்ந்து மறுபடி கட்ட உதவின. துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து நாடுகளோடு குரோவேசியாவும் பணம் கொடுத்தது. அதே வகைக் கல், அதே பழைய முறை. 2004 ஜூலை 23 அன்று திறந்தார்கள். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இப்போதும் கோடையில் இளைஞர்கள் 20 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறார்கள்.

பாலத்தின் பக்கத்தில் ஒரு கல்லில் '93-ஐ மறக்காதீர்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழிவாங்குவதற்காக இல்லை, இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்பதற்காக என்றுதான் நான் நினைக்கிறேன். உடைக்க ஒரு நாள் போதும். மறுபடி கட்டித் திறக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கல்லுக்கே இப்படி என்றால், மனசுக்கு எத்தனை வருடம் ஆகும்? யோசித்துப் பாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி