மூணு பிள்ளை, மூணு லெவல்: ஹோம் ஸ்கூலிங் பாடத்திட்டத்தை எப்படித் தேர்வு செய்வது?

ராத்திரி 10 மணிக்கு அக்காவிடமிருந்து போன். "டேய், மூணு பேருக்கும் சேர்த்து ஒரே பாக்ஸா வாங்கிட்டேன்டா. பிரிச்ச அன்னிக்கே பிரச்னை."

மாமாவுக்கு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறும் வேலை. மூன்று மாநிலங்கள், மூன்று மொழிகள், ஏகப்பட்ட டி.சி. அலுத்துப்போய், கொஞ்ச காலம் வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 12, 9, 6. ஆன்லைனில் ஒரு நிறுவனத்திடம் 7, 4, 1-ம் வகுப்புகளுக்கான பேக்கேஜை அக்கா மொத்தமாக வாங்கினாள். வயதைக் கேட்டார்கள், வகுப்பைச் சொன்னார்கள், பாக்ஸ் வந்துவிட்டது.

நடுவில் இருக்கும் பையனால் 4-ம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. அவன் ஒரு வார்த்தையில் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த 6 வயது தங்கை அதைப் படித்துவிட்டாள். அவன் புத்தகத்தை மூடினான். நாலு நாள் அதைத் தொடவே இல்லை.

ஹோம் ஸ்கூலிங் பற்றி யோசிக்கும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது "எந்த போர்டு நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். முதல் கேள்வி, "இந்தப் பிள்ளை இப்போது எந்த அளவு படிக்கிறது?"

சட்டச் சிக்கல் வருமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தருவதை அரசின் கடமையாக்குகிறது. ஹோம் ஸ்கூலிங் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. வீட்டில் சொல்லித்தருவதற்கென்று ஒரு பதிவு நடைமுறையும் கிடையாது. நாளைக்கு மனசு மாறினாலும் கதவு மூடிவிடாது: இதே சட்டத்தின்படி, பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்ன டெஸ்ட்

கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வில் பயன்படும் முறையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். நாலே படிகள்: எழுத்து, வார்த்தை, 1-ம் வகுப்பு அளவில் ஒரு குட்டிப் பத்தி, 2-ம் வகுப்பு அளவில் ஒரு கதை. பத்தியில் ஆரம்பிக்க வேண்டும். தடையில்லாமல் படித்தால் கதைக்குப் போகலாம். திணறினால் வார்த்தைக்கு இறங்கலாம். 5 வார்த்தைகளில் 4 சரியாக வந்தால் வார்த்தைப் படி ஓகே, இல்லையென்றால் எழுத்து. ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம் போதும். தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள், தம்பி தங்கை முன்னால் வேண்டாம். தமிழுக்கு ஒரு தடவை, ஆங்கிலத்துக்கு ஒரு தடவை. இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இதோடு இன்னொரு சோதனையும் அவசியம் என்பேன். பிள்ளையால் படிக்க முடியாத அதே பாடத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டி, நாலு கேள்வி கேளுங்கள். அக்கா இதைச் செய்தபோது பையன் நாலுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னான். அவனுக்கு 4-ம் வகுப்பு விஷயம் புரிகிறது. எழுத்தைக் கூட்டிப் படிப்பதில்தான் சிக்கல். 'புரியவில்லை', 'படிக்க வரவில்லை' இரண்டும் வேறு வேறு பிரச்னை. இரண்டுக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் வேலைக்காகாது.

தமிழ் வாசிப்புக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. மொத்தம் 247 எழுத்துகள். 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க', ஆனால் ஒலி மூன்று விதம். வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்தது' என்று பார்க்கிறது. நடுவில் வேறு மொழி மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இது இன்னும் குழப்பும்.

எதைச் சேர்த்து, எதைப் பிரித்து?

மூன்று பிள்ளைக்கு ஆறு பாடம் என்றால் 18 பீரியட். எந்த அம்மாவாலும் அப்பாவாலும் ஓட்ட முடியாது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாசிப்பும் கணக்கும் மட்டும் தனித்தனி, அவரவர் லெவலில், ஆளுக்கு 20 நிமிடம். அறிவியல், சமூக அறிவியல், கதை எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து.

உதாரணத்துக்கு ஏரி. அம்மா ஒரு பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறார். 12 வயதுப் பெண் அதற்கப்புறம் தானே படித்து, மதகு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதுகிறாள். 9 வயதுப் பையன் கேட்டதைச் சொல்கிறான், படம் வரைகிறான், நாலு வரி எழுதுகிறான். 6 வயதுக்காரி படத்துக்குப் பெயர் எழுதுகிறாள்: மீன், கொக்கு, கரை.

கணக்கில் ஒரு விஷயம் கவனிக்கணும். வாழ்க்கைக் கணக்குகளைப் பையனுக்கு நீங்களே படித்துச் சொல்லுங்கள். வகுத்தல் நன்றாக வருகிற பிள்ளை, கேள்வியைப் படிக்க முடியாததால் கணக்கில் பூஜ்யம் வாங்குவது அநியாயம்.

காசு கொடுத்துத்தான் வாங்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் பி.டி.எஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன, க்யூஆர் கோடில் வீடியோக்களும் உண்டு. வாசிப்புக்கு, பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் லெவல் வாரியாக இருக்கின்றன. பிள்ளைகளைப் படிக்கும் திறன் அடிப்படையில் பிரிப்பது நம் அரசுப் பள்ளிகளுக்கும் பழக்கமானதுதான்: 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். 'நீ ஒண்ணாங்கிளாஸ் லெவல்' என்பதை விட 'அரும்பு' கேட்க எவ்வளவோ பரவாயில்லை.

சான்றிதழுக்கு என்ன வழி?

இங்கேதான் போர்டு வருகிறது, அதுவும் மூத்தவளுக்கு மட்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்-ல் 14 வயது நிறைந்தால் 10-ம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தமிழ் வழியும் உண்டு. குறைந்தது ஒரு மொழி உட்பட 5 பாடங்களில் தேர்ச்சி வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாம் எழுத வேண்டியதில்லை, பதிவு 5 ஆண்டுகள் செல்லும். ஆனால் கஷ்டமாக இருக்கிறது என்று கணக்கையோ அறிவியலையோ விட்டுவிட்டால், பிளஸ் ஒன்னில் எந்தக் கதவு மூடும் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

சின்னவர்களுக்கு அங்கேயே ஏ, பி, சி என்று நிலைகள் இருக்கின்றன. முறையே 3, 5, 8-ம் வகுப்புக்குச் சமம். தமிழ்நாட்டில் 12½ வயது நிறைந்தவர்கள் 8-ம் வகுப்பைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். சர்வதேச போர்டுகளில் பாடத்துக்குத் தனித்தனித் தேர்வுக் கட்டணம் என்பதால், மூன்று பிள்ளைக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. இரண்டு வருடத்தில் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்தப் பள்ளியின் புத்தகத்தை ஒட்டியே போய்விடலாம்.

9 வயதுப் பையனுக்கு இப்போதைக்கு எந்த போர்டும் தேவையில்லை. தினமும் 20 நிமிட வாசிப்பு போதும். சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை என்றால் 'சோம்பேறி' என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண், காது பரிசோதனை. அடுத்து டிஸ்லெக்சியாவுக்கான மதிப்பீடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்கும் என்பதால், சான்று பெற்ற பிள்ளைகள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம்.

அக்கா என்ன செய்தாள்? பேக்கேஜைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 4-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இப்போது அக்கா படித்துக் காட்ட மட்டும். பையனுக்குக் குட்டிக் கதைகளை பிரிண்ட் போட்டு, லெவல் நம்பர் தெரியாமல் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறாள். தங்கை தூங்கும் மதிய நேரத்தில் அவன் ஒரு கதையை மூணு நாலு தடவை படித்துப் பழகி, ஊரில் இருக்கும் ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறான். போன வாரம் வந்ததை எனக்கும் ஃபார்வேர்ட் செய்திருந்தாள். 1 நிமிடம் 40 விநாடி. 'குளத்தங்கரை'யில் இரண்டு தடவை தடுக்கி, மூன்றாவதில் தாண்டிவிட்டான். "அடுத்த கதை எப்பய்யா?" என்று ஆச்சி பதில் அனுப்பியிருக்கிறார்.