18 வயது நிறையும் முன்

சிறார் கணக்கில் பெற்றோர் இடும் கையொப்பம் பிள்ளைக்கு 18 வயது நிறையும் வரையே செல்லும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையாயினும் இவ்விதி மாறாது.

பார்வைக் குறையோ உடற்குறையோ கணக்கை இயக்கத் தடையன்று. மாற்றுத்திறனாளிகள் தம் பணத்தைத் தாமே ஆளும் உரிமையை 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் உறுதிசெய்கிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருள் துணை தேவைப்படுவோர்க்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. அக்குழுவின் சான்றிதழைக் கொண்டு பாதுகாவலர் வங்கிக் கணக்கை இயக்கலாம். எனினும் அப்பணம் பிள்ளையுடையதே. பாதுகாவலர் ஆண்டுதோறும் குழுவிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் பெற்றோரை வேண்டுவது: 17ஆம் வயதிலேயே பிள்ளையை வங்கிக்கு அழைத்து வாருங்கள். கையொப்பமிடவும் பணம் எடுக்கவும் பழக்குங்கள். அவரால் தாமே செய்ய இயல்வது எது என்று அறிந்த பின், இயலாததற்கு மட்டும் துணை தேடுங்கள்.