மூன்று மாதமும் 5,940 ஏக்கரும்: அந்த வர்த்தமானி கேட்டது என்ன?

2025 மார்ச் 28 அன்று வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கின் நான்கு மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் முன்வர வேண்டும் என்று அறிவித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. எங்களூர்க் கணக்கில் யாழ்ப்பாணத்தின் பங்கு மட்டும் 58,700 பரப்புக்கு மேல். தவணை மூன்று மாதம். அதற்குள் யாரும் கோராத காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படும் என்றது அது.

வர்த்தமானியைக் காலைத் தேநீரோடு வாசிக்கிற ஆள் யாரும் இல்லை. விஷயம் ஊருக்குள் பரவிச் சத்தம் எழும்புவதற்குள் தவணையில் ஒரு பகுதி கழிந்துவிட்டது.

புதுச் சட்டம் வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். சட்டம் பழையது. 1931 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ்தான் இந்த அறிவித்தல் வந்தது. அதன் வேர் இன்னும் பின்னே போகிறது. காடும் பயிரிடாத தரையும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. 1897 இல் வந்த தரிசு நிலச் சட்டம் அதே வழியில் நடந்தது. பெருந்தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலத்தின் ஏற்பாடு இது. நிரூபிக்கும் பாரம் எப்போதும் குடியானவன் தலையில். ஆள் மாறி அரசு மாறியும் அந்தப் பாரம் மட்டும் இடம் மாறவில்லை.

அரசாங்கத் தரப்பு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காணியைப் பறிக்க இது வரவில்லை, உரித்து யாருக்கு என்று தீர்த்து வைக்கவே வந்தது என்றார்கள். தலைமுறையாக ஆண்டு அனுபவித்தும் கையில் எழுத்தில்லாத குடும்பங்கள் குடாநாட்டில் இருக்கின்றன. உறுதி இல்லாத காணியை வங்கி ஈடாக ஏற்காது, வீட்டுத் திட்டத்திலும் சிக்கல் வரும். அவர்களுக்கு ஒரு தீர்வு வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். சண்டை நோக்கத்தைப் பற்றியதல்ல, பேசாதிருப்பவரின் காணி அரசுக்குப் போகும் என்ற அந்த விதியைப் பற்றியது.

பேசாதிருப்பவர் யார்? வடமராட்சி கிழக்கை எடுத்துக்கொள்வோம். யுத்தத்தில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த கரை. நடுவில் 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்து வீட்டையும் பெட்டகத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. அங்கே ஒருவரிடம் உறுதியைக் கொண்டுவா என்றால் எதைக் கொண்டுவருவார்? உறுதி இருந்தாலும் அது பாட்டன் பேரில் இருக்கும். சீதனமாகவும் முதுசமாகவும் கைமாறிய பங்குகள் தேசவழமைப்படி பலருக்குப் பிரிந்திருக்கும். பங்காளிகளில் ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் லண்டனில், வேறொருவர் எங்கே என்றே தெரியாது. அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பி, பதிவகத்தில் பிரதி எடுத்து, நில அளவையாளரைப் பிடித்து வரைபடம் கீறுவதென்றால், இங்கே காணி அலுவலாக அலைந்தவர்களுக்குத் தெரியும், மூன்று மாதம் முதல் கையெழுத்துக்கே காணாது.

அரசின் அறிவித்தல்மீது சனத்துக்கு இருக்கும் அவநம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்களில் எத்தனையோ பேர் 1990 இலிருந்து சில மைல் தள்ளி நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். பங்கீட்டு அட்டையும் வாக்காளர் பதிவும் வைத்திருக்கிற அரசுக்கு ஆளைத் தெரியாமல் போனது எப்படி என்று கேட்ட சனம்தான், பன்னிரண்டு வருடம் கழித்து இந்த வர்த்தமானியைப் பார்த்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை இதே நாட்டின் நாடாளுமன்றம்தான் நிறைவேற்றியது. பத்து வருட ஆட்சியைக் காட்டி இன்னொருவர் காணியை உரித்தாக்கும் ஆட்சியுரிமை விதியிலிருந்து, யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு அந்தச் சட்டம் விசேட பாதுகாப்புக் கொடுத்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் காணிக்காரன் வராதது அவன் குற்றமல்ல என்பதே அதன் கருத்து. அயலவனுக்கு எதிராக ஒத்துக்கொண்ட அந்த நியாயம், அரசே எதிரே நிற்கும்போது ஏன் பொருந்தவில்லை? 1931 இன் பிரிவைத் தூசு தட்டி எடுத்தவர்கள் 2016 இன் சட்டத்தையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

2025 மே மாதத்தில் பிரச்சினை கொழும்பில் பெரிதாயிற்று. வடக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரதமர் ஹரிணி அமரசூரியவைச் சந்தித்துப் பேசினார்கள். வர்த்தமானி மீளப் பெறப்படும் என்ற பேச்சும் வந்தது. பேச்சை நம்பியிருக்காமல் சட்டத்தரணி எம். ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றம் போனார். ஜூன் 27 அன்று நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மார்ச் 28 இலிருந்து எண்ணினால் மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தது.

அந்த உத்தரவு நிறுத்தியது குறித்த ஒரு வர்த்தமானியைத்தான். 1931 இன் சட்டத்தைத் திருத்துவதென்றால் அது நாடாளுமன்றத்தின் வேலை: தவணையை நீட்டவேண்டும், பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் வீடு வீடாக அறிவிக்கவேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் தூதரகம் வழியே கோர இடம் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், கோரிக்கை வராத காணி தானாக அரசுக்குப் போகும் ஏற்பாட்டை எடுக்கவேண்டும். அதுவரைக்கும், உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுத்து வைப்பது நல்லது. உறுதி இலக்கம் தெரியாவிட்டால் நொத்தாரிசின் பேரும், காணியின் பேரும், உத்தேச வருடமும் தெரிந்தால் தேடலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த விபரங்களை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.