வலைத் தேக்ககத்தில் பழைய நகல் நீக்கம்

தேக்கக நீக்கம் என்பது, ப்ராக்ஸி எனப்படும் பதிலி வழங்கி சேமித்து வைத்துள்ள வலைப்பக்க நகலை, மூலப் பக்கம் மாறியவுடன் செல்லாததாக்கும் செயலாகும். இது சரியாக நடைபெறாவிட்டால், பக்கம் திருத்தப்பட்ட பிறகும் வாசகர்களுக்குப் பழைய உள்ளடக்கமே கிடைக்கும். மூல வழங்கி, பதிலி வழங்கி, உலாவி எனப் பல அடுக்குகளில் நகல்கள் இருப்பதால், பழைய நகல் எந்த அடுக்கில் தங்கியுள்ளது என்பதை அறிந்த பின்னரே அதை நீக்குவது பயன் தரும்.

பின்னணி

தேக்ககம் (கேஷ்) என்பது, ஒருமுறை பெற்ற பக்கத்தைச் சேமித்து, அடுத்து கேட்பவருக்கு மூல வழங்கியை நாடாமல் தரும் ஏற்பாடு. ஸ்க்விட் என்னும் கட்டற்ற பதிலி வழங்கி மென்பொருளின் முதல் பதிப்பு 1996-இல் வெளிவந்தது. வார்னிஷ் 2006-இல் வெளியானது. நார்வே நாட்டுச் செய்தித்தாள் ஒன்றின் இணையதளத்துக்காக அது உருவாக்கப்பட்டது. ஸ்க்விட் நிறுவனங்களின் உள்வலையில் பயனர்கள் சார்பாகவும், இணையதளத்தின் முன்வாசலில் வழங்கி சார்பாகவும் இயங்கக்கூடியது. வார்னிஷ் வழங்கி சார்பாக இயங்குவது.

நகலின் ஆயுள்

ஒரு நகலை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பதை மூல வழங்கி 'கேஷ்-கண்ட்ரோல்' தலைப்பில் அறிவிக்கும். அதில் 'மேக்ஸ்-ஏஜ்' 600 என்றிருந்தால், அந்த நகல் 600 நொடிகளுக்குப் புதியதாகக் கருதப்படும். ஆயுள் முடிந்த நகலை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. 'ஈடேக்' அடையாளத்தையோ கடைசியாக மாறிய தேதியையோ காட்டி, "இது இன்னும் செல்லுமா?" என்று மூலத்திடம் கேட்கலாம். மாறவில்லை என்றால் மூலம் 304 என்ற குறியீட்டை மட்டும் அனுப்பும்.

மூல வழங்கி ஆயுளைக் குறிப்பிடாமல் விட்டால், பதிலி வழங்கி தானே ஓர் ஆயுளைக் கணிக்கிறது. பக்கம் எவ்வளவு காலமாக மாறாமல் இருந்ததோ, அதில் ஒரு பங்கை ஆயுளாகக் கொள்வது வழக்கம். 2022-இல் வெளியான எச்.டி.டி.பி. தேக்ககத் தரம் 10 விழுக்காட்டை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. ஸ்க்விட்டின் இயல்பமைப்பில் இது 20 விழுக்காடு. ஆனால் உச்சவரம்பு 4,320 நிமிடம், அதாவது 3 நாள்.

திருவிழாப் பக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

இக்கணிப்பின் விளைவைத் திருத்தணியை வைத்து விளக்கலாம். ஆந்திர எல்லையை ஒட்டித் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள இம்மலைக்கோயில் முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. ஆடிக் கிருத்திகையின்போது தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் காவடியுடன் பெருந்திரளானோர் வருகின்றனர். ஏதோ ஓர் இணையதளத்தில் இத்திருவிழாவுக்கான தரிசன நேரமும் வாகன நிறுத்துமிடமும் அறிவிக்கப்படுவதாகவும், அப்பக்கம் சென்ற ஆண்டு ஆடிக்குப் பிறகு திருத்தப்படவில்லை என்றும், வழங்கி ஆயுளைக் குறிப்பிடவில்லை என்றும் கொள்வோம்.

365 நாளில் 20 விழுக்காடு 73 நாள். உச்சவரம்பு இருப்பதால் ஸ்க்விட் அதை 3 நாளாகக் குறைக்கும். திங்கள் காலை எடுத்த நகல் வியாழன் காலை வரை புதியதாகவே கருதப்படும். செவ்வாய் காலை நேரம் மாற்றப்பட்டாலும், அந்தப் பதிலி வழியே பார்ப்பவர் மேலும் இரண்டு நாள் பழைய நேரத்தையே படிப்பார். அதை நம்பி வருபவர் மலையடிவாரத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வியாழன் காலை எடுக்கப்படும் புதிய நகலுக்கோ, பக்கம் மாறி இரண்டு நாளே ஆனதால், பத்து மணி நேரத்துக்கும் குறைவான ஆயுளே கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாறும் பக்கங்களில்தான் இக்கணிப்பு அதிகமாகப் பிழைக்கிறது. இத்தகைய பக்கங்களுக்கு வழங்கியிலேயே சில நிமிட ஆயுளை வெளிப்படையாகக் குறிப்பிடுவது முதல் தீர்வு.

விக்கிப்பீடியாவில் நீக்கம்

ஆயுள் முடியும்வரை காத்திராமல் நகலை உடனே நீக்கும் முறைக்கு விக்கிப்பீடியா சிறந்த சான்று. 2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் திருத்தணி பற்றிய கட்டுரை உள்ளது. அதைப் புகுபதிகை செய்யாமல் படிப்பவருக்குத் தேக்கக நகல் வழங்கப்படுகிறது. விக்கிமீடியா நிறுவனம் ஆசிய வாசகர்களுக்காக 2018-இல் சிங்கப்பூரில் ஒரு தேக்கக மையத்தைத் தொடங்கியது. அங்கு முன்னடுக்கில் வார்னிஷ் நினைவகத்திலும், பின்னடுக்கில் அப்பாச்சி டிராஃபிக் சர்வர் வட்டிலும் நகல்களை வைத்திருக்கின்றன. நகல் இல்லையெனில் கோரிக்கை அமெரிக்காவிலுள்ள முதன்மை மையங்களுக்குச் செல்லும்.

கட்டுரை திருத்தப்பட்டதும் அதன் முகவரிகளுக்கான நீக்க ஆணை எல்லா மையங்களுக்கும் அனுப்பப்படுகிறது. முன்பு இது, சேர்ந்ததா என்று உறுதி கேட்காத பல்முனை ஒலிபரப்பாக அனுப்பப்பட்டது. வழியில் தொலைந்த ஆணை மீண்டும் வராது என்பதால், ஒரு வழங்கியில் மட்டும் பழைய நகல் தங்கிவிடக்கூடும். 2020-இல் இதற்குப் பதிலாக, செய்திகளை வரிசைப்படுத்திச் சேமிக்கும் காஃப்கா என்னும் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது.

ஆணையின் வரிசையும் முக்கியம். முன்னடுக்கில் நகல் முதலில் நீங்கி, பின்னடுக்கில் அது இன்னும் இருந்தால், அடுத்த வாசகரின் கோரிக்கை பின்னடுக்கின் பழைய நகலை மீண்டும் முன்னடுக்குக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே பின்னடுக்கை முதலிலும் முன்னடுக்கைச் சற்றுப் பிறகும் நீக்க வேண்டும். தரவுத்தளத்தின் துணை நகல் சில நொடிகள் பின்தங்கியிருந்தாலும் இதே சிக்கல் எழும். அதனால் சிறிது இடைவெளிவிட்டு இரண்டாம் முறை நீக்க ஆணை அனுப்பும் வசதியும் மீடியாவிக்கி மென்பொருளில் உள்ளது.

திருத்தியவரே இக்கோளாற்றைக் கவனிக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. புகுபதிகை செய்தவரின் கோரிக்கை இந்தப் பக்கத் தேக்ககத்தைத் தவிர்த்துச் செல்வதால், அவருக்குப் புதிய பக்கமே தெரியும். எனவே சோதனையை விடுபதிகை செய்த நிலையில் செய்ய வேண்டும்.

கோளாறு கண்டறியும் படிகள்

1. மூலத்தை நேரடியாகக் கேட்டல். பதிலி வழங்கியைத் தவிர்த்து, கர்ல் போன்ற கருவியால் மூல வழங்கியிடமே பக்கத்தைப் பெற வேண்டும். அங்கும் பழையதே வந்தால் பதிலியைக் குறை கூற இயலாது. செயலியின் உள் தேக்ககத்தையோ தரவுத்தளத்தையோ ஆராய வேண்டும்.

2. 'ஏஜ்' தலைப்பைப் படித்தல். இது, நகல் மூலத்தால் உருவாக்கப்பட்டு அல்லது உறுதி செய்யப்பட்டு எத்தனை நொடிகள் ஆயின என்று கூறும். பக்கம் காலை 10 மணிக்குத் திருத்தப்பட்டு, 11 மணிக்கும் பழையதாகத் தெரிகிறது எனக் கொள்வோம். 'ஏஜ்' 7,200 என்றால் நகல் 9 மணிக்கு உரியது. நீக்க ஆணை அதை எட்டவில்லை. 'ஏஜ்' 1,200 என்றால் நகல் 10.40-க்கு உரியது, திருத்திய பிறகும் மூலமே பழையதைத் தந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் தீர்வுகள் வேறு.

3. நீக்க ஆணையின் பதிலைப் பார்த்தல். ஸ்க்விட்டில் நீக்க ஆணைக்கு 200 வந்தால் நகல் இருந்து நீக்கப்பட்டது. 403 என்றால் ஆணையிட்டவருக்கு அனுமதி இல்லை. 404 என்றால் அந்த முகவரியில் நகலே இல்லை. 404 வந்தும் வாசகருக்குப் பழைய பக்கமே தெரிந்தால், நகல் வேறு முகவரி வடிவிலோ வேறு அடுக்கிலோ இருக்கிறது.

4. எல்லா வழங்கிகளையும் சோதித்தல். ஒரே மையத்தில் பல வழங்கிகள் இருந்தால், ஒன்றில் மட்டும் பழைய நகல் இருக்கலாம். புதுப்பிக்கும்போது பக்கம் புதியதும் பழையதுமாக மாறி மாறித் தெரிவது இதன் அறிகுறி.

5. உலாவியை ஒதுக்கிப் பார்த்தல். கட்டாயப் புதுப்பிப்பு, நகலைத் தவிர்க்குமாறு பதிலிக்கும் சொல்லக்கூடும். அப்போது சோதிப்பவருக்குப் புதியதும் பிறருக்குப் பழையதும் கிடைக்கலாம். சாதாரணக் கோரிக்கையாலேயே முடிவுக்கு வர வேண்டும்.

தமிழ் முகவரிகளில் எழும் சிக்கல்

பதிலி வழங்கி நகலைத் தேடுவது முகவரியின் எழுத்துவரிசையை வைத்தே. 'திருத்தணி' என்பது ஒருங்குறியில் 9 குறியீடுகள், 27 பைட்டுகள். சதவீதக் குறிமுறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாவதால், முகவரியில் இச்சொல் 81 எழுத்துகளைப் பிடிக்கும். அக்குறிமுறையிலுள்ள ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாகவும் சிறிய எழுத்தாகவும் எழுதலாம், பொருள் ஒன்றே. ஆனால் முகவரிகளைச் சீராக்காத பதிலி இவற்றை இரு வேறு பக்கங்களாகக் கொள்ளும்.

'கோயில்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் உள்ளது. 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் பதிவு செய்யலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைட்டுகள் 6, 9 என வேறுபடும். ஒரு வடிவத்துக்கு அனுப்பிய நீக்க ஆணை மற்றதைத் தொடாது. மீடியாவிக்கி தலைப்புகளை ஒரே ஒருங்குறி வடிவுக்கு மாற்றிவிடுகிறது. சொந்தமாகத் தளம் அமைப்போரும் முகவரியைப் பதிலிக்கு முன்பே சீராக்க வேண்டும். ஆனால் 'ஸ்ரீ' என்பதை ஸகரம் கொண்டும் 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரம் கொண்டும் எழுதலாம். இவ்வேறுபாட்டை ஒருங்குறிச் சீராக்கம் சரிசெய்வதில்லை. அதற்குத் தனி வழிமாற்று தேவை.

அனைத்தையும் அழிப்பதன் ஆபத்து

காரணம் தெரியாதபோது தேக்ககம் முழுவதையும் அழித்துவிடுவது பரவலான வழக்கம். நெரிசல் நேரத்தில் இது தளத்தையே முடக்கலாம். 2009 சூன் 25-இல் மைக்கேல் ஜாக்சன் மறைந்தபோது, அவரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை இடைவிடாமல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தமும் நகலை நீக்க, பல வழங்கிகள் அந்த நீண்ட பக்கத்தையே ஒரே வேளையில் மீண்டும் மீண்டும் உருவாக்க முயன்று திணறின. இதன் விளைவாக, ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் உருவாக்குவோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் பூல்கவுண்டர் என்னும் ஏற்பாடு உருவாக்கப்பட்டது.

ஆடிக் கிருத்திகை நாளில் ஒரு தகவல் தளத்தின் தேக்ககத்தை முழுவதும் அழித்தாலும் இதே நிலை ஏற்படலாம். அறிவிப்புப் பக்கத்தின் முகவரியை மட்டும் நீக்கி, புதிய நகல் வந்துவிட்டதை 'ஏஜ்' தலைப்பால் உறுதி செய்வதே பாதுகாப்பான முறை.