நகர்மனையும் புறநகர்மனையும்
சிங்கப்பூர்த் தமிழரின் வாழிடத் தேர்வு

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் செலவுகளுள் மிகப் பெரியது வீடு வாங்கும் செலவே ஆகும். நகரின் நடுவே சிறிய வீடு கொள்வதா, அதே விலைக்குப் புறநகரில் பெரிய வீடு கொள்வதா என்னும் வினா எல்லா நாடுகளிலும் எழுகின்றது. சென்னையில் இதனை எண்ணிப் பார்ப்போர் மயிலாப்பூரையும் தாம்பரத்தையும் ஒப்பிடுவர். விலையும் பயண நேரமும் தண்ணீரும் அங்கே அளவுகோல்களாக நிற்கும்.

சிங்கப்பூரில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கின்றது. அந்நாடு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காகச் சுமார் 27 கிலோமீட்டரும் கொண்ட சிறு தீவு. வடகோடியிலுள்ள உட்லண்ட்சில் இரயில் ஏறியவர் ஒரு மணி நேரத்துக்குள் சிராங்கூன் சாலையில் இருப்பார். தொலைவு அங்கே பெருந்தடையன்று. அங்ஙனமாயின், தமிழ்க் குடும்பமொன்று எதனை அளவாகக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

நாளங்காடியும் புறஞ்சேரியும்

நகரையும் அதன் புறத்தையும் பிரித்துக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக அமைந்தது. வணிகரும் கைவினைஞரும் கடல் கடந்து வந்தோரும் முன்னதில் வாழ்ந்தனர்; அரச வீதியும் பெருங்குடியினர் மாளிகைகளும் பின்னதில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி அமைந்தது. மதுரையின் மதிலுக்கு வெளியே அமைந்த பகுதியைப் புறஞ்சேரி என்று அந்நூல் வழங்குகின்றது. இன்று புறநகர் என்னும் சொல் குறிக்கும் பொருளை அச்சொல் அன்றே குறித்தது.

இவற்றுள் நாளங்காடி சிறப்பாக நோக்கத்தக்கது. இரு பாக்கத்து மக்களும் அங்கே வந்து கூடினர். கூடியபின் தத்தம் இல்லம் திரும்பினர். சிங்கப்பூரின் தேக்கா இன்று எய்தியிருக்கும் நிலை ஏறத்தாழ இதுவே.

தேக்கா கண்ட மாற்றம்

சிராங்கூன் சாலைப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரின் ஓரமாகவே இருந்தது. 1840களில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. பின்னர் மாட்டு வணிகம் செழித்தது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும், எருமைச் சாலை என்னும் தெருப்பெயரும் அக்காலத்தின் சுவடுகள். தேக்கா என்பதோ மூங்கிலின் அடி எனப் பொருள்படும் சீனச் சொல்லின் திரிபு. 1855இல் சீனிவாசப் பெருமாள் கோயிலும், 1881இல் வீரமாகாளியம்மன் கோயிலும் அச்சாலையில் எழுந்தன. நகரின் புறமாக இருந்த இடம் நகர் வளரவே அதன் நடுவாயிற்று.

அக்காலத்தில் தமிழர் தொழிலை ஒட்டியே குடியிருந்தனர். துறைமுகத் தொழிலாளர் தஞ்சோங் பகாரிலும், வணிகரும் கால்நடைத் தொழிலாளரும் சிராங்கூன் சாலையிலும், கடற்படைத் தளத்தில் வேலை செய்தோர் வடக்கே செம்பவாங்கிலும் வாழ்ந்தனர்.

1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அப்போது அரசினர் கட்டிய வீடுகளில் வாழ்ந்தோர் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. 1964இல் வீடுகளை மக்களுக்கே விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீட்டின் விலையைச் செலுத்த வழி பிறந்தது. குவீன்ஸ்டவுன், தோ பாயோ, பிடோக், ஈசூன் எனப் புதிய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தொழிலை ஒட்டிய பழைய குடியிருப்புகள் கலைந்தன. 1989இல் சிராங்கூன் சாலைப் பகுதி பாதுகாக்கப்பட்ட பழம்பகுதி என அறிவிக்கப்பட்டது. அங்கே கட்டடங்கள் நின்றன. முன்பு வாழ்ந்த மக்களுட் பலர் புறநகர்களில் குடியேறியிருந்தனர்.

விழுக்காட்டு விதி

அதே 1989ஆம் ஆண்டு, தேசிய வளர்ச்சி அமைச்சராக எஸ். தனபாலன் இருந்த காலத்தில், இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரே இனத்தவர் ஒரே வட்டாரத்தில் குவிதல் ஆகாது என்பது அதன் நோக்கம். இந்தியரும் பிற சிறு இனத்தவரும் சேர்ந்த பிரிவுக்கு இன்றுள்ள வரம்பு, வட்டாரத்தில் 12 விழுக்காடு. ஒரு கட்டடத்தில் 15 விழுக்காடு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கட்டடத்தில் இந்தியர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே சீனர் விற்கும் வீட்டைத் தமிழர் வாங்க இயலாது. இந்தியர் விற்கும் வீட்டை வாங்கலாம். சீனர் வரம்பு நிறைந்த கட்டடத்திலோ, தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. சீனர் பெரும்பான்மையினராக உள்ள நாட்டில் இதனால் வாங்குவோர் தொகை குறையும். விலையும் குறையக் கூடும். விற்பதற்குக் காலமும் நீளும். இவ்வாறு பெரிதும் இடர்ப்படுவோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் திறக்கப்பட்டது.

ஆகவே, வீடு தேடும் தமிழர் விலையைக் கேட்குமுன் அக்கட்டடத்தின் இன வரம்பைக் கேட்டறிதல் வேண்டும். நகரின் நடுவிலும் புறநகரிலும் இவ்விதி ஒன்றே. கழக வீடுகளைப் பொறுத்தவரை, தமிழர் மட்டும் சேர்ந்து வாழும் ‘தமிழ்ப் பேட்டை’ எங்கும் அமைய இயலாது என்பது இதனால் தெளிவு.

வாங்குவது ஆண்டுகளை

கழக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுவது. எனவே, வாங்குவோர் சுவரை மட்டும் வாங்குவதில்லை. எஞ்சிய ஆண்டுகளையும் வாங்குகின்றனர். 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி, வாங்குவோருள் இளையவர் 95 வயது எய்தும் வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதிப் பணத்தை முழு அளவில் பயன்படுத்தலாம். 1982இல் தொடங்கிய குத்தகை 2081இல் முடியும். 2025இல் அவ்வீட்டை வாங்கும் 40 வயதினர் 2080இல் 95 வயது எய்துவர், அவருக்குத் தடையில்லை. 30 வயதினருக்கோ அவ்வயது 2090இல் வரும். குத்தகை அதற்கு முன்பே முடிவதால் சேமநிதியின் பயன் அவருக்குக் குறையும். ஒரே வீடு தந்தைக்குப் பொருந்தி மகனுக்குப் பொருந்தாமற் போவது இவ்வாறே. நகரின் நடுவே உள்ள பழைய வீடுகளை நாடுவோர் இக்கணக்கைக் கட்டாயம் போடுதல் வேண்டும்.

நடுநகரில் புதிய வீடு வாங்குவோருக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. நகரின் நடுப்பகுதியிலும் சிறந்த இடங்களிலும் உள்ள இரு வகை வீடுகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. ஆயின் 10 ஆண்டுகள் குடியிருந்த பின்னரே விற்கலாம். விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தரல் வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு விடுதல் எக்காலத்தும் இயலாது. பொதுவகை வீடுகளுக்கு 5 ஆண்டுகள் குடியிருந்தாற் போதும். வாழ்வதற்கு வாங்குவோரை நடுநகர் வீடு வரவேற்கும். விரைவில் விற்று ஊதியம் காண எண்ணுவோரை ஏற்காது.

புறநகர் என்பதும் நிலையான பெயரன்று. 1960களில் தோ பாயோவில் குடியேறியோர் ஊருக்கு வெளியே போவதாகவே எண்ணினர். இன்று அது நகரின் நடுப்பகுதிகளுள் ஒன்று. வீடமைப்புக் கழகத்தின் தலைமையகமே அங்குதான் உள்ளது. 99 ஆண்டுக் குத்தகைக்குள் புறஞ்சேரி நகராவது இயல்பு. ஆதலின், இன்றைய தொலைவை நாளைய தொலைவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மொழிக்கு எது அண்மை?

தேக்காவின் அருகே வாழ்ந்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் தழைக்கும் என்பது பலரது எண்ணம். அங்குத் தமிழ் காதில் விழும் என்பது உண்மையே. ஆயினும் ஞாயிறுதோறும் அச்சாலையை நிறைப்போர் இரு சாரார்: புறநகர்களினின்று வரும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தினர் ஒரு சாரார், தொலைவான விடுதிகளில் தங்கியிருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் மற்றொரு சாரார். இருவருட் பெரும்பாலோர் அங்கே வாழ்வதில்லை. அது அவர்களின் நாளங்காடி.

தமிழ்வழிப் பள்ளிகளுட் கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் பணியாற்றுகின்றது. அங்கே பயில்வோர் தீவின் பல பகுதிகளினின்றும் வருகின்றனர். கோயில்களும் மக்களைப் பின்தொடர்ந்தன. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில் 1993 முதல் கேலாங் ஈஸ்டில் உள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. தமிழின் வலிவு தெருவைவிட வீட்டு வாயிலுக்கு உள்ளேதான் தீர்மானிக்கப்படுகின்றது என்பதை இது காட்டும்.

வீட்டிற்குள் தமிழைக் காப்போர் பெரும்பாலும் பாட்டனும் பாட்டியுமே. இங்கே அரசின் மானியமொன்று கருதத்தக்கது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளியும், அவர்களுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தால் 20,000 வெள்ளியும் பெறலாம். முதியோர் பேணப்படுதல் இதன் நோக்கமாயினும், பேரக் குழந்தையின் செவிக்கு நாள்தோறும் தமிழ் கிடைப்பதற்கும் இதுவே நல்வழி. ஈசூனில் பாட்டி வாழ, பேரன் தேக்காவில் வளர்ந்தால் அவன் கேட்பது கடைத்தெருத் தமிழ். பாட்டியின் அடுத்த கட்டடத்தில் வளர்ந்தால் அவன் கேட்பது கதையும் பழமொழியும் கலந்த தமிழ்.

எனவே, நகரா புறநகரா என்னும் வினாவை மூன்று சிறு வினாக்களாகப் பிரித்துக் கேட்டல் நலம். குத்தகையில் எஞ்சிய ஆண்டுகள் இளையவரின் ஆயுளுக்குப் போதுமா? இன வரம்பு நாளை விற்கும்போது தடையாகுமா? பிள்ளையோடு தமிழில் உரையாடுவோர் எவ்வளவு அண்மையில் உள்ளனர்? முதல் இரண்டுக்கும் ஏடுகளில் விடை கிடைக்கும். மூன்றாவதைக் குடும்பமே கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். தேக்காவுக்கோ எந்தப் புறநகரிலிருந்தும் ஞாயிறுதோறும் சென்று வரலாம்.