சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் ஏற்பி

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். அளவு கூடியிருந்தால் பழி முழுதும் எண்ணெய்ப் பலகாரத்தின் மேல்தான் விழும். ஆனால் இந்தக் ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ ரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்பதில் கல்லீரல் செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் மேற்சவ்வில் நிற்கும் எல்.டி.எல். ஏற்பி என்ற புரதம்தான் கொலஸ்ட்ரால் துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோகிறது.

துகள் சிக்கியதும் சவ்வின் அடியில் கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோலப் பின்னிக்கொள்கிறது. குழிந்த சவ்வு கழன்று குமிழாகிறது. கூடை கலைய, குமிழ் செல்லுக்குள் இருக்கும் எண்டோசோம் என்ற பையில் போய்ச் சேர்கிறது.

தரம் பிரிப்பதெல்லாம் இங்கேதான். எண்டோசோமின் சவ்விலுள்ள பம்புகள் புரோட்டான்களை உள்ளே இறைத்து அமிலத்தன்மையை ஏற்றுகின்றன. செல்லுக்கு வெளியே 7.4 ஆக இருந்த பி.எச். இங்கே 6 அளவுக்கு இறங்குகிறது. அந்த அமிலத்தில் ஏற்பி தன்மேலேயே மடிந்துகொள்ள, பிடி தளர்ந்து துகள் விழுகிறது. துகள் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் செரித்துவிடும். ஏற்பியோ மெல்லிய குழாய்கள் வழியே மீண்டும் மேற்சவ்வுக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம். தன் ஆயுளுக்குள் ஒரே ஏற்பி நூறு தடவைக்கு மேல் போய்வருகிறது. 839 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்தை ஒவ்வொரு துகளுக்கும் புதிதாகச் செய்வதென்றால் எந்தச் செல்லுக்கும் கட்டுப்படியாகாது.

இதைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும். சிறு வயதிலேயே மாரடைப்பு வரும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயை ஆராயப் போய்த்தான் ஏற்பியைப் பிடித்தார்கள். ஒரு நோயாளியின் செல்களில் ஏற்பி துகளைப் பற்றியது, ஆனால் உள்ளே போகவில்லை. அதன் வால்பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததுதான் காரணம். இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு.

கதை அங்கே முடியவில்லை. 2003இல் பி.சி.எஸ்.கே.9 என்ற இன்னொரு புரதம் தெரியவந்தது. இது ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அமிலத்தில் துகளைப்போல விடாது, இன்னும் இறுகப் பிடிக்கும். மடிய முடியாத ஏற்பி திரும்பும் வழியை இழந்து, லைசோசோமில் அழிகிறது. ஏற்பி குறைந்தால் ரத்தத்தில் எல்.டி.எல். ஏறும். மறுபக்கம், இந்தப் புரதத்துக்கான மரபணு பிறவியிலேயே செயலிழந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் எல்.டி.எல். 28 சதவீதமும், இதயநாள நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்ததை 2006இல் ஜோனதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழு காட்டியது. மருந்து நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்? பி.சி.எஸ்.கே.9ஐ மடக்கும் அலிரோகுமாப், எவோலோகுமாப் ஊசிகள் 2015இல் அனுமதி பெற்றன. பின்னால் வந்த இன்க்ளிசிரான், கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே தடுக்கிறது. தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆண்டுக்கு 2 ஊசி போதும்.

பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் அப்படியொன்றும் அபூர்வமல்ல, ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. இளவயதில் மாரடைப்பு கண்ட குடும்பத்தார், பிள்ளைகளுக்கும் ஒருமுறை எல்.டி.எல். அளவைப் பார்த்துவிடுங்கள்.